டியூவை மாப்பிள்ளை கட்டிக்கிடுவார்

காரின் பின்கண்ணாடியில் சாமி மாறியிருந்தால் கார் கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வாகனக் கடன் கொடுக்கும் தனியார் கம்பெனி ஒன்றின் கோவில்பட்டிக் கிளையில், தவணை வசூலுக்காக ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். கடன் கொடுத்த அன்று எடுத்த போட்டோவில் ஒரு அம்மன் பெயர் இருக்கும். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே கண்ணாடியில் வேறு ஊர் ஐயனார் இருப்பார், அல்லது மாதா இருப்பாள். தவணையோடு வண்டியை வாங்கியவன் டயரை மாற்றமாட்டான், ஆயிலை மாற்றமாட்டான், ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவே மாட்டான். சாமியை மட்டும் முதல் வாரமே மாற்றிவிடுவான். பக்தியைக் குறை சொல்ல நான் யார்? எங்கள் தொழிலுக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது.

போன மாதம் பழைய கிளைப் பக்கம் சும்மா போயிருந்தேன். இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வெயிலில் அலைகிற பாடு குறைவு. கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. ஆனால் வசூல் பிரிவில் இருக்கும் பெண் தன் போனைத் திறந்து ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, மீதித் தவணையைக் கட்டிக்கொண்டு காரை ஓட்டிக்கொள்ளலாமாம். தினமும் இதை நம்பி யாராவது ஏமாந்து வந்து நிற்கிறார்களாம். “நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, நீங்க பாத்ததை எழுதிக் கொடுங்க அண்ணாச்சி” என்றாள். நான் எழுதினால் நீளும் என்றேன். பரவாயில்லை என்றாள். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் விசேஷம் ஒன்றும் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, சம்பளம் பற்றாமல் இங்கே வந்தேன். முதலில் டிராக்டர், பிறகு இருசக்கர வண்டி, லோடு ஆட்டோ, கடைசியில் கார். பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். மாதாமாதம் தவணை, மாதாமாதம் வசூல் என்று பலகையில் எழுதிப் போட்டார். எங்கள் கரிசல் காட்டில் மாதாமாதம் பணம் பார்க்கிறவர்கள் வாத்தியாரும் போலீஸும்தான். மற்றவர்களுக்கு உளுந்து வந்தால் பணம், மக்காச்சோளம் வந்தால் பணம், மழை வராவிட்டால் எதுவும் கிடையாது. டை கட்டியவர் ஊருக்குப் போனதும் நாங்கள் பலகையை அழித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

மேனேஜராக வந்த அருணாசலம் சார் என்னைவிட வயதில் இளையவர். ஒல்லி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தவணை கட்டாத ஆள் வந்தால் எழுந்து போய், ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து, மேஜைக்கு எதிரே போடாமல் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுவார். தண்ணீர் கொடுப்பார். ஊரில் மழை உண்டா என்று கேட்பார். ஏன் கட்டவில்லை என்று கேட்கவே மாட்டார். அவருடைய கேள்வி ஒன்றுதான். “வண்டி இப்ப எங்கன நிக்குது?”

அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் என்று உடனே பதில் வந்தால் வண்டி அவரிடம் இருக்கிறது, பணத்துக்குத்தான் முடை. பொறுத்துக்கொள்ளலாம். மச்சினன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். “இங்கனதான் எங்கயாவது நிக்கும்” என்றால் முடிந்தது கதை. அன்றைக்கே நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

கடன் கொடுக்கும்போதும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒப்பந்தத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அருணாசலம் சார் பேனாவைக் கொடுக்க மாட்டார். முக்கியமானதை நல்ல தமிழில் சொல்லுவார். பிறகு, எனக்கு விளங்கும்படி நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள் என்பார். மீசை நரைத்த பெரியவர்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிப்பார்கள். வண்டி என் பேரில் இருக்கிறது, கடன் என் பேரில் இருக்கிறது, யாருக்காவது கை மாற்றினால் ஆபீஸுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் மாற்றுவேன். சிலர் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

கை மாற்றுவதே குற்றம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. மனுஷனுக்குக் கஷ்டம் வரும், வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க நினைப்பான். அதற்கு முறை இருக்கிறது. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து ஆபீஸுக்கு வர வேண்டும். வாங்குகிறவரின் வருமானத்தைப் பார்ப்போம், ஜாமீன் ஆளைப் பார்ப்போம், கடனை அவர் பெயருக்கு எழுதுவோம். பிறகு எங்கள் ஆட்சேபணையின்மைக் கடிதத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறும். இன்சூரன்ஸிலும் பெயர் மாறும். அதுவரைக்கும் சாவி பழைய ஆளிடமே இருக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களுக்குத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு பத்திரத் தாளை வாங்கி, இன்று முதல் சகல பொறுப்பும் வாங்குபவரையே சாரும் என்று டைப் அடித்து, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினால் அருணாசலம் சார் மரியாதையாக முழுவதும் படிப்பார். மடித்துத் திருப்பிக் கொடுப்பார். இது உங்கள் இரண்டு பேருக்குள்ளே இருக்கட்டும், எங்களுக்கும் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான் ஆள் என்பார்.

இது எத்தனை உண்மை என்பதைக் கயத்தாறில் பார்த்தேன். அங்கே பைபாஸ் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தவர், கண் ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்ட முடியாமல், கடைக்கு வாடிக்கையாக வந்துபோன ஒருவரிடம் தவணையோடு காரைக் கொடுத்துவிட்டார். தவணை தேதி தவறாமல் வந்தது. நானே அந்த ஆளை மெச்சியிருக்கிறேன். ஒருநாள் காலையில் போலீஸ் வந்து டீக்கடைக்காரரைத் தேடியது. கேரளா போகும் வழியில் அவர் காரில் ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபட்டிருந்தன. “நான் இங்கன வடை போட்டுக்கிட்டுல்லா இருக்கேன்” என்று அவர் சொன்னது உண்மைதான், சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அவர் மீண்டுவருவதற்குள் கடை வாடிக்கை பாதி போய்விட்டது. தவணை ஒழுங்காக வருகிறதே, நமக்கென்ன என்று இருக்கிறவர்களைக் கண்டால்தான் அதற்குப் பிறகு எனக்குப் பயம் அதிகம்.

இனி கோவிந்தசாமி அண்ணாச்சியின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

புதூர்ப் பக்கத்து ஊர்க்காரர் அவர். ஊருக்கு மேற்கே ஒரு காடு, கிழக்கே ஒரு காடு. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரிப் புஞ்சை. ஒரு பட்டி நிறைய ஆடு. ஒரே மகள், கனகா. ஓட்டப்பிடாரத்தில் செல்போன் கடை வைத்திருந்த பாலமுருகனுக்குப் பேசி முடித்தார்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டில் கார் வேண்டும் என்றார்கள். முன்பணம் வரைக்கும்தான் தன்னால் முடியும் என்றார் கோவிந்தசாமி. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, முன்பணத்தைப் பெண் வீட்டில் கட்டட்டும், டியூவை மாப்பிள்ளை கட்டிக்கிடுவார் என்று சபையில் சொன்னார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த ஊர்களில் சபையில் சொன்ன சொல்லுக்கு மேல் பத்திரம் கிடையாது. எழுதிக் கேட்டால் பெண் வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார் என்று ஆகிவிடும்.

பாலமுருகனுக்கு வருமானத்துக்கான அத்தாட்சி இல்லை. நிலம் கோவிந்தசாமி பெயரில் இருந்தது. அதனால் கடன் அவர் பெயரில். கடன் அவர் பெயரில் என்பதால் ஆர்.சி.யும் அவர் பெயரில். அருணாசலம் சார் சொல்லச் சொன்னதை அவர் பிசகில்லாமல் ஒப்பித்தார். கார் மாப்பிள்ளைக்குத்தானே என்று சார் கேட்டபோது வெட்கத்தோடு தலையை ஆட்டினார். அப்படியானால் அவரையும் ஒரு நடை கூட்டிவாருங்கள், கடனில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார் சார். கோவிந்தசாமி பதறிப்போனார்.

“மாப்ளைகிட்டப் போயி கையெழுத்துப் போடுங்கன்னு எப்படி சார் கேக்க? வேத்தாளுக்குக் கொடுத்தாத்தான கைமாத்து? இது எம் மக வீட்டுக்குல்லா போகுது.”

சார் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. கல்யாணத்தன்று மாலை போட்டு அலங்கரித்த காரில் மகளும் மருமகனும் ஏறிப் போனார்கள். மறுவீட்டுக்கு வந்தபோது முன்சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்ததுதான், அந்தக் காரில் கோவிந்தசாமி ஏறியது. அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

முதல் வருடம் தவணை ஒழுங்காக வந்தது. பிறகு தேங்க ஆரம்பித்தது. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் நாங்கள் போக வேண்டும். போனேன். கோவிந்தசாமி மோர் கொடுத்தார். சோளம் விற்றதும் தானே வந்து கட்டினார். அடுத்த தடவை போனபோதும் அவரே கட்டினார். மாப்பிள்ளையிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணாச்சி. கனகாவுக்கு அங்கன ஒரு சொல் வந்திரக் கூடாது” என்றார். நான் போகிற ஒவ்வொரு தடவையும் பட்டியில் ஆடு குறைந்துகொண்டே வந்தது. விற்கிறார் என்று தெரிந்தது.

கார் எங்கன நிற்கிறது என்று அருணாசலம் சார் என்னிடம் கேட்டார். ஓட்டப்பிடாரம் போனேன். கடை வாசலில் கார் இல்லை. பாலமுருகன் மோசமான ஆள் என்று நினைத்துக்கொண்டு போனவன், பார்த்ததும் நினைப்பை மாற்றிக்கொண்டேன். கடையில் ஈ ஆடவில்லை. எல்லோரும் போனை ஆன்லைனில் வாங்குகிறார்கள், இவரிடம் கண்ணாடி ஒட்டத்தான் வருகிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தவணை கட்ட முடியவில்லை. தூத்துக்குடியில் ஒரு நண்பர் மீதித் தவணையைத் தான் கட்டுவதாகச் சொல்லி, கொஞ்சம் பணமும் கொடுத்துக் காரை வாங்கிப் போயிருக்கிறார். வாடகைக்கு விடுகிறார். அவர் கொடுத்த பணம் கடை வாடகைக்குப் போய்விட்டது. அவர் தவணையும் கட்டவில்லை. மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாதான் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்க மாமனாருக்குக் கூச்சம், மாமனாரிடம் சொல்ல மாப்பிள்ளைக்குக் கூச்சம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் கார் தூத்துக்குடியில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கை மாறிய விஷயத்தை மறைக்க எங்களுக்கு உரிமை கிடையாது. சார் கோவிந்தசாமியை வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். காரைத் திரும்பக் கேளுங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று எழுதியாவது கொடுங்கள் என்றார். பொங்கல் கழியட்டும், மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேசுகிறேன் என்று போனவர்தான். பொங்கலும் கழிந்தது, இன்சூரன்ஸ் காலமும் முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி இங்கிலீஷில் மெசேஜ் மேல் மெசேஜாக வந்தது கோவிந்தசாமியின் பட்டன் போனுக்கு. தூத்துக்குடிக்காரர் பாலமுருகன் கட்டுவார் என்றிருந்தார். பாலமுருகன் தூத்துக்குடிக்காரர் கட்டுவார் என்றிருந்தார்.

ஓட்டப்பிடாரம் ரோட்டில் அந்தக் கார் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த மாடத்தி என்ற பெண்மேல் மோதியது. உயிர் தப்பியது, கால் நொறுங்கிவிட்டது. ஓட்டிவந்த தூத்துக்குடிக்காரர் காரைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். போலீஸ் காரைப் பிடித்து ஸ்டேஷனில் நிறுத்தியது. ஆர்.சி.யைப் பார்த்து கோவிந்தசாமியைக் கூப்பிட்டது.

அவர் அங்கிருந்து நேரே எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தார். “ஸ்டீயரிங்கை நான் தொட்டதே இல்லையே சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அருணாசலம் சார் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். ஓட்டியது யாராக இருந்தாலும் உடைமையாளர் என்று புத்தகத்தில் இருப்பவரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் அந்தக் கம்பெனி கொடுக்கும். இல்லாததால் கைப்பணம். சபையில் சொன்னது, மாப்பிள்ளை தூத்துக்குடிக்காரருக்குக் கொடுத்தது, எதுவும் கோர்ட்டில் எடுபடாது. அந்தப் பெண்ணுக்கு எந்தக் கால் என்று மட்டும் கேட்டார் கோவிந்தசாமி. எங்களுக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து சார் என்னை உள்ளே கூப்பிட்டார். காரை ஸ்டேஷனிலிருந்து வெளியே எடுக்கத் தூத்துக்குடிக்காரரின் வக்கீல் ஏற்பாடு செய்வதாகச் சாருக்குச் சேதி வந்திருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஆளை இடித்த வண்டியைச் சும்மா விடமாட்டார்கள். நஷ்டஈட்டுக்கு உடைமையாளர் ஈடு காட்ட வேண்டும். கோவிந்தசாமியிடம் ஈடு காட்ட இருப்பது காடுதான்.

“வண்டி வெளிய வந்தா நம்ம கடனுக்கு நாம தூக்கிரலாம், நமக்கு லாபம்தான். ஆனா அந்த மனுசன் ரெண்டு காட்டையும் கொண்டுபோய் ஈடா வச்சிருவாரு. மாப்ள கேட்டா மறுக்க மாட்டாரு. அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நீங்க போய்ச் சொல்லிருங்க.”

கம்பெனி மேனேஜர் பேசுகிற பேச்சா இது? இத்தனை வருட வேலையில் அவர்மேல் எனக்கு அதிகமாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பைக் நின்றது. பாலமுருகனும் கனகாவும் எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வந்து பல மாதம் ஆகியிருந்தது. கோவிந்தசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். கோழியைப் பிடிக்கச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். என்னையும் உட்காரச் சொன்னார், ஆனால் வந்த காரியம் என்ன என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் எதையும் எடுத்துவிடாதே என்று அவர் கண் என்னைக் கெஞ்சியது.

பாலமுருகன் பையிலிருந்து தாள்களை எடுத்தார். கார் ஸ்டேஷனில் வெயிலில் கிடந்து வீணாகிறது, வெளியே வந்துவிட்டால் நண்பர் ஓட்டிச் சம்பாதித்து எல்லாப் பாக்கியையும் கட்டிவிடுவார், மாமா ஒரு கையெழுத்துப் போட்டுப் பட்டாவையும் கொடுத்தால் போதும் என்றார். பாவம், அதை அவரும் நம்பித்தான் சொன்னார். கோவிந்தசாமி ஒரு கேள்வி கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பேனா கேட்டார்.

என் சட்டைப் பையில் பேனா எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. நான் அதை எடுக்கவில்லை. மேனேஜர் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார், கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றேன். “அது பிறகு பேசிக்கிடலாம் அண்ணாச்சி, மாப்ள வந்திருக்காவல்லா” என்றார்.

இதற்குள் கனகா வீட்டுக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யப்பா, ஆடெல்லாம் எங்க?”

“மேய்ச்சலுக்குப் போயிருக்கு தாயி.”

“பட்டியில புல்லு முளைச்சுக் கிடக்கு. அம்மா சொல்லிட்டா.”

கனகா புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“டியூவை நீங்க கட்டுவீங்கன்னு உங்க பெரியப்பா ஊரு முன்னால சொன்னாவ. எங்கப்பா உங்ககிட்டக் கேக்க மாட்டாரு. செத்தாலும் கேக்க மாட்டாரு. அதான் நான் கேக்குதேன். யாரு கட்டுனது?”

பாலமுருகன் தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். கடை ஓடவில்லை, மாமாவிடம் எந்த மூஞ்சியோடு வந்து சொல்லுவது என்று தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். “விடு தாயி, மாப்ளையப் போயி…” என்று கோவிந்தசாமி நடுவில் வந்தார். அவள் விடவில்லை.

“அங்க ஒருத்தி காலொடிஞ்சு கிடக்கா. அதே வண்டியை வெளிய எடுத்து இன்னொருத்தி காலை ஒடிக்கவா? கையெழுத்துப் போடாதீங்கப்பா.”

பிறகுதான் எனக்கு வாய் வந்தது. சார் சொல்லி அனுப்பியதை மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். பட்டா கொடுத்தால் காடு கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்பது பாலமுருகனுக்கு நிஜமாகவே தெரியாது. தூத்துக்குடி வக்கீல் கொடுத்த தாளை அப்படியே கொண்டுவந்திருந்தார். கேட்டுவிட்டு அவரே தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். கோழிக்குழம்பு தயாராகி எல்லோரும் சாப்பிட்டோம். அவ்வளவு அமைதியாக நான் கோழிக்குழம்பு சாப்பிட்டதே இல்லை.

ஈடு காட்டாததால் கார் கோர்ட் உத்தரவில் ஏலம் போகும், அந்தப் பணம் மாடத்தியின் நஷ்டஈட்டுக்குப் போகும் என்று எங்கள் கம்பெனி வக்கீல் சொன்னார். மீதி நஷ்டஈடும் எங்கள் கடனும் கோவிந்தசாமி தலையில்தான். அருணாசலம் சார் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அபராத வட்டியைக் கழிக்க வைத்தார். அசலைக் கழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கனகா நகையைக் கொடுத்தாள். பாலமுருகன் கடையை மூடிவிட்டு கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்வதாக முடிவாயிற்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு காடு போயாக வேண்டும் என்றுதான் வந்தது.

கோர்ட்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், பேரம் பேசப் போகாதீர்கள், பார்க்க மட்டும் போங்கள் என்று சார் கோவிந்தசாமியிடம் சொல்லியிருந்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார் கோவிந்தசாமி. ஓட்டப்பிடாரத்தில் பாலமுருகன் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம்.

மாடத்திக்கு வலது கால். கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோவிந்தசாமி கும்பிட்டார்.

“நீங்கதான் ஓட்டிட்டு வந்தவியளா?” என்று கேட்டாள்.

“இல்ல தாயி. எனக்கு ஓட்டத் தெரியாது.”

“பிறகு எதுக்கு வந்திய?”

“வண்டி எம் பேர்ல இருக்கு.”

அவளுக்கு அது விளங்கவில்லை. ஓட்டத் தெரியாத ஆளுக்கு எதற்கு வண்டி என்கிற மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பாலமுருகன் உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார். அங்கிருந்தே பேசினார்.

“மாமா வண்டி இல்லக்கா. என் வண்டி. நான்தான் வேற ஆள்கிட்டக் கொடுத்தேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

மாடத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “உள்ள வந்து உக்காருங்க, வெயில்ல எதுக்கு நிக்கிய” என்றாள். பாலமுருகன் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சட்டப்படி அவர் சொன்னதற்கு மதிப்பு கிடையாது. எந்தக் கோர்ட்டும் அதை வைத்து கோவிந்தசாமியின் பொறுப்பில் ஒரு பைசாவைக் குறைக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் காடு தப்பியிருக்கும். எனக்கு மாமனார் மருமகன் இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

திரும்பிவரும்போது பஸ்ஸில் கோவிந்தசாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என் கையைத் தட்டினார்.

“காடு போனாப் போகுது அண்ணாச்சி. மாப்ள வாயத் திறந்துட்டாவ. எம் மக அந்த வீட்டுல இனி தலை நிமிந்து இருப்பா.”

எனக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அறுவடை முடிந்ததும் கிழக்குக் காட்டை அவர் விற்றார்.